புலிகுத்திக் கல்லில் படைக்கருவி: குத்திப் பட்டவனும் வென்று மீண்டவனும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழகத்தின் புலிகுத்திக் கற்கள் புலியோடு பொருது இறந்த வீரர்களின் நினைவாக எடுக்கப்பட்டவை. இக்கற்களைப் பற்றிய பதிவுகள் வீரனின் பெயர், ஊர், காலம் ஆகியவற்றில் செலுத்தும் கவனத்தை அவன் கையிலுள்ள கருவியின்பால் செலுத்துவதில்லை. கருவியின் நீளமும் அது விலங்கின் உடலில் இறங்கும் இடமும் அந்நிகழ்வைப் பற்றிப் பேசும் சான்றுகளாகும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. போசளர் தொன்மம், முகலாய அரசவைப் பதிவு, வயநாட்டு வலைவேட்டை, தஞ்சைக் கட்டாரி, தென்னிந்தியத் திரைப்படம் ஆகியவற்றோடு ஒப்பிட்டு இக்கருத்து விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நடுகல், புலிகுத்திக் கல், ஈட்டி, குறுவாள், கட்டாரி, வலைவேட்டை, திரைப்படம்

முன்னுரை

தமிழகத்தில் நடுகல் என்றவுடன் நினைவுக்கு வருவது ஆநிரைப் பூசலே. தொல்காப்பியப் புறத்திணையியல் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எனக் கல் எடுக்கும் முறைமையை ஆறு நிலைகளாக வகுத்திருப்பதும், 2006-இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகல் ஆகோளைக் குறிப்பிடுவதும், செங்கம் பகுதிக் கற்களில் தொறுப்பூசலே மிகுதியாக இடம்பெறுவதும் இந்த எண்ணத்தை உறுதிப்படுத்தியுள்ளன. ஆயினும் நிரையைக் கவர வந்தவன் மனிதன் மட்டுமல்லன். பட்டியில் அடைத்த ஆட்டையும் மாட்டையும் நாடிக் காட்டிலிருந்து இறங்கிய விலங்கும் நிரைகவர்வோனே. அதனை எதிர்த்து நின்று இறந்தவனுக்கு எடுக்கப்பட்ட கல்லே புலிகுத்திக் கல். கிருட்டிணகிரி, தருமபுரி, சேலம், ஈரோடு, கோவை, திருப்பூர் வட்டாரங்களில், அதாவது மலையடிவாரமும் மேய்ச்சல் நிலமும் ஒன்றையொன்று தொட்டுக் கிடக்கும் பகுதிகளில், இவ்வகைக் கற்கள் பரவலாகக் காணப்படுகின்றன. கன்னட நாட்டிலும் புலிவேட்டை வீரக்கற்கள் உண்டு.

இக்கற்கள் பற்றிய குறிப்புகளைத் தொடர்ந்து படிப்பவர் ஒன்றைக் கவனிக்கலாம். வீரனின் கொண்டை எப்பக்கம் சாய்ந்துள்ளது, காதணி எவ்வகையது, அருகில் பெண்ணுருவம் உண்டா, நாய் உண்டா என்பனவெல்லாம் விரிவாகப் பதிவாகின்றன. கருவியைப் பற்றிய பகுதி மட்டும் பெரும்பாலும் 'கையில் ஆயுதம் ஏந்திய நிலையில்' என்ற அளவோடு நின்றுவிடுகிறது. ஈட்டியா குறுவாளா என்ற வேறுபாடுகூடச் சில இடங்களில் தெளிவாக்கப்படுவதில்லை. சிற்பியோ அந்தக் கருவியைப் பொதுவான ஒன்றாகக் கருதவில்லை. தன் கைக்குக் கிடைத்த சிறு கற்பரப்பிலும் அதன் முனை எங்கே இறங்குகிறது என்பதைக் காட்டுவதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறான்.

'குத்தி' என்னும் சொல்

எழுத்துடைய கற்களில் வரும் 'புலி குத்திப் பட்டான்' என்ற தொடர் மிகச் சிறியது. ஆனால் இலக்கண நோக்கில் ஊன்றிப் படிக்கத் தக்கது. 'குத்தி' என்பது வினையெச்சம். 'பட்டான்' என்பது அது கொண்டு முடியும் வினைமுற்று. எச்சத்துக்கும் முற்றுக்கும் எழுவாய் ஒன்றாதலால் குத்தியவனே பட்டவன். 'புலி' என்பது ஐயுருபு தொக்கு நிற்கும் செயப்படுபொருள். தமிழ் வழக்கில் மாடு குத்தும், பன்றி குத்தும்; புலி குத்தாது. புலி அடிக்கும், அறையும், பாயும், கடிக்கும். எனவே இத்தொடரில் மயக்கத்துக்கு இடமில்லை. புலியைக் குத்தினான், அவனும் இறந்தான் என்பதே பொருள். 'கொன்று' என்னாமல் 'குத்தி' என்றதும் கருதத் தக்கது. புலி இறந்ததா என்பதை இத்தொடர் கூறவில்லை. அவன் செய்த செயலையும் அவனுக்கு நேர்ந்ததையும் மட்டும் கூறுகிறது.

படைக்கருவியின் செயலைக் குறிக்கத் தமிழில் வினைகள் பல. வேலை எறியலாம், அம்பை எய்யலாம், வாளை வீசலாம், அரிவாளால் வெட்டலாம். இவற்றுள் எறிதலும் எய்தலும் தொலைவிலிருந்து செய்வன. வீசுதலுக்கும் வெட்டுதலுக்கும் கையை ஓங்க இடம் வேண்டும். குத்துதலுக்கு மட்டும் ஓங்கும் இடம் தேவையில்லை; உடலோடு உடல் ஒட்டிய நிலையிலும் அது இயலும். புலிகுத்திக் கற்களில் வில்லேந்திய உருவம் அரிது என்பதையும் இச்சொல்லையும் சேர்த்து நோக்கினால், இவை வேட்டைக்குச் சென்றவனின் கற்கள் அல்ல, தன்மேல் பாய்ந்ததை எதிர்த்தவனின் கற்கள் என்ற முடிவுக்கு வர இடமுண்டு. வேட்டைக்குச் செல்பவன் வில்லோடும் துணையோடும் செல்வான். பட்டியில் இரவுக் காவல் இருப்பவனிடம் இருப்பது ஊன்றுகோலாகவும் உதவும் ஈட்டியும் இடையில் செருகிய குறுவாளுமே.

கல்லில் உள்ள இரு நிலைகள்

இக்கற்களின் அமைப்பில் இரு நிலைகளைப் பொதுவாகப் பிரித்தறியலாம். ஒன்றில் வீரன் நீண்ட ஈட்டியை இரு கைகளாலும் பற்றிப் புலியின் மார்பிலோ வாயிலோ செலுத்துகிறான். புலி பின்னங்கால்களில் எழுந்து நிற்கிறது. வால் மேல்நோக்கி வளைந்துள்ளது. இரண்டாவதில் புலியின் முன்னங்கால்கள் வீரனின் உடலைத் தொட்டுவிட்டன. ஒரு கை விலங்கைத் தடுக்க, மறு கையிலுள்ள குறுவாள் அதன் வயிற்றிலோ கழுத்திலோ இறங்குகிறது. முதல் நிலையில் இருவருக்கும் இடையே ஈட்டியின் நீளம் இருக்கிறது. இரண்டாவதில் அந்த இடைவெளி இல்லை.

இவ்வேறுபாட்டைச் சிற்பியின் விருப்பம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் கருவிகளின் இயல்பை அறிந்து நோக்கினால் இவை ஒரே சண்டையின் இரு கட்டங்களாகவும் இருக்கலாம் என்று தோன்றுகிறது. ஈட்டியின் வலிமை அதன் நீளத்தில் உள்ளது. பாயும் விலங்கின் எடையே முனையை உள்ளே செலுத்திவிடும். பிடித்திருப்பவன் தண்டின் அடியை நிலத்தில் ஊன்றி அசையாமல் நின்றால் போதும். குறையும் அதே நீளத்தில்தான். முனை எலும்பில் பட்டு வழுக்கினாலோ, தண்டு முறிந்தாலோ, விலங்கு முனையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாலோ ஆறடித் தண்டு வெறுஞ்சுமையாகிவிடும். அப்போது கை இடைக்குச் செல்லும். ஈட்டி ஏந்திய வீரனின் இடையிலும் சில கற்களில் குறுவாள் காட்டப்பட்டிருப்பதை வெறும் அணியாகக் கொள்ள வேண்டியதில்லை.

இங்கு விலங்கு யாது என்ற வினாவும் எழுகிறது. தமிழில் 'புலி' என்பது வரிப்புலியையும் சிறுத்தைப்புலியையும் சேர்த்துக் குறிக்கும் சொல். வளர்ந்த ஆண் வேங்கை ஏறத்தாழ 200 கிலோ எடையுள்ளது. ஆண் சிறுத்தை பொதுவாக 50 முதல் 70 கிலோ வரை இருக்கும். அதாவது ஒரு மனிதனின் எடைக்கு ஒப்பானது. குறுவாளோடு 70 கிலோ விலங்கை எதிர்ப்பது அரிதாயினும் இயலக் கூடியது. 200 கிலோ விலங்கு மேல் விழுந்தபின் குறுவாளைச் செலுத்த நேரமே கிடைப்பது கடினம். கொங்கின் வறண்ட மேய்ச்சல் நிலம் ஆடுகளையும் கன்றுகளையும் தேடும் சிறுத்தைக்கு ஏற்ற இடம். எனவே குறுவாள் காட்டப்பட்ட கற்களில் ஒரு பகுதியேனும் சிறுத்தையோடு நிகழ்ந்த போரைக் குறிப்பன என்று கருதுகிறேன். சிற்பி விலங்கின் உடலில் வரியோ புள்ளியோ காட்டாதபோது, வீரனின் கருவியே விலங்கை அடையாளம் காண உதவும் துணைச்சான்றாகிறது. வீரனின் உயரத்தோடு விலங்கின் உயரத்தை ஒப்பிடுவது அத்தனை உதவாது. பெருமைக்குரியதைப் பெரிதாக வடிப்பது சிற்ப மரபு.

பட்டது எப்போது?

கல்லைப் பார்ப்பவருக்கு வீரனும் புலியும் ஒரே கணத்தில் மாண்டதுபோலத் தோன்றும். உண்மையில் பல சாவுகள் அவ்வாறு நிகழ்ந்திருக்க வாய்ப்பில்லை. பெரும்பூனைகளின் நகத்தடியிலும் பற்களிலும் அழுகும் இறைச்சித் துணுக்குகள் தங்குகின்றன. அவை ஆழமாகப் பதிந்த காயம் விரைவில் சீழ்பிடித்துக் குருதியை நஞ்சாக்கும். 19-ஆம் நூற்றாண்டின் வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் புலிக்காயத்தின் இந்த இயல்பை நன்கறிந்திருந்தனர். அவர்கள் கார்பாலிக் அமிலத்தையோ பொட்டாசியம் பெர்மாங்கனேட்டையோ உடன் கொண்டு சென்றதும் சிறு கீறலையும் அலட்சியம் செய்யாததும் இதனால்தான். துப்பாக்கி வைத்திருந்தவர்களின் நிலையே இது. மஞ்சளும் பச்சிலையும் மட்டும் அறிந்த பட்டிக் காவலன் புலியைக் குத்தித் துரத்தியபின் தன் வீட்டுத் திண்ணையில் காய்ச்சலில் கிடந்து சில நாள்களில் இறந்திருக்கவும் கூடும். 'குத்திப் பட்டான்' என்ற தொடரில் குத்துதலுக்கும் படுதலுக்கும் இடையிலுள்ள கால அளவை இலக்கணம் வரையறுக்கவில்லை. சிற்பி அந்த நாள்களை விலக்கிவிட்டுக் குத்திய கணத்தை மட்டும் கல்லில் வைத்தான்.

அரசகுலத் தொன்மங்கள்

இக்கற்களுக்கு அருகிலேயே, இதே நிகழ்வின் வேறொரு வடிவம் கன்னட நாட்டில் அரச இலச்சினையாக நிலைபெற்றது. மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியிலுள்ள சொசெவூரில், இன்றைய அங்கடியில், சளன் என்னும் இளைஞன் சமண முனிவர் ஒருவரிடம் இருந்தபோது புலி பாய்ந்தது. முனிவர் 'அடி, சள' என்ற பொருள்படக் கன்னடத்தில் ஏவினார். அவன் அடித்துக் கொன்றான். அவ்வேவற் சொல்லே போய்சளர் என்னும் குலப்பெயராயிற்று என்பது அத்தொன்மம். தமிழ்க் கல்வெட்டுகள் இம்மரபினரைப் போசளர் என்கின்றன. அவர்கள் 13-ஆம் நூற்றாண்டில் திருச்சிக்கு அருகிலுள்ள கண்ணனூரைத் தலைநகராக்கி ஆண்டதால் இத்தொன்மம் தமிழ்நாட்டுக்கும் அந்நியமன்று.

கதையில் சளனின் கருவி முனிவரிடமிருந்த கோல் என்றே பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் 1117-இல் நிறுவப்பட்ட பேலூர்க் கோயிலிலும் பிற போசளர் கோயில்களிலும் உள்ள இலச்சினைச் சிற்பங்களில் அக்கோல் கூரிய கருவியாக மாறியிருக்கிறது. விலங்கும் புலியைவிடச் சிங்கத்தையே ஒத்திருக்கிறது. கோல் வாளாகிறது, புலி சிங்கமாகிறது. அரசகுலத்தின் மதிப்புக்கேற்ப இரண்டும் உயர்த்தப்பட்டன. மாறாதது ஒன்று: சளன் பிழைத்தான். பிழைத்ததனால்தான் குலம் தோன்றியது. தமிழகப் பட்டிக் காவலனின் வினை 'குத்து'. போசளனின் வினை 'அடி'. முன்னது கல்லாயிற்று, பின்னது குலப்பெயராயிற்று.

வடநாட்டிலிருந்து ஒரு பதிவு இவ்விடத்தில் பயன்படும். முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தம் ஆட்சியின் ஐந்தாம் ஆண்டில் வேட்டையின்போது நிகழ்ந்ததைத் தம் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். காயமுற்ற விலங்கு பேரரசரை நோக்கிப் பாய்ந்தபோது அனூப் ராய் என்னும் பணியாளர் கையிலிருந்த தடியோடு குறுக்கே சென்றார். விலங்கு அவருடைய இரு கைகளையும் வாயால் கவ்வியது. இளவரசர் குர்ரம் முதலியோர் வாளால் வெட்டினர். அனூப் ராய் உயிர் பிழைத்து, சிங்கத்தை அழித்தவன் என்ற பொருளுடைய பட்டம் பெற்றார். குர்ரம் பின்னாளில் ஷாஜகானாகியபின் இக்காட்சி பாத்ஷாநாமா ஓவியமாகவும் தீட்டப்பட்டது. பாரசீகத்தின் 'ஷேர்' என்ற சொல் சிங்கம், புலி இரண்டுக்கும் இந்தியாவில் வழங்கியது என்பது நம் 'புலி'யின் மயக்கத்தை நினைவூட்டும். இந்தப் பதிவின் சிறப்பு, வீரனின் கைகள் விலங்கின் வாய்க்குள் இருந்தன என்று அது வெளிப்படையாகக் கூறுவதே. நடுகற்களில் விலங்கைத் தடுக்கும் கை எங்கே இருக்கிறது என்று பார்ப்பவர்கள் இதனை மனத்தில் கொள்ளலாம். ஓங்கிய வாள் உதவியது. ஆனால் அதனை ஓங்கியவர் விலங்கின் பிடியில் இல்லாத மற்றொருவர்.

திப்பு சுல்தானைப் பற்றிய வழக்குக் கதையில் துப்பாக்கி வெடிக்கத் தவறுகிறது. கத்தி கைநழுவித் தரையில் விழுகிறது. அதனை எட்டியெடுத்துப் புலியைக் கொல்கிறார். கருவி முதலில் தவறி, பின் கைக்கு வரும் இந்த அமைப்பு பின்னாளில் திரைப்படத்தில் மீண்டும் மீண்டும் வரப்போகிறது.

கட்டாரி

தென்னாட்டுக் குறுங்கருவிகளில் பெரும்பூனையோடு நெருக்கமாகப் பேசப்படுவது கட்டாரி. சாதாரணக் குறுவாளில் பிடி அலகின் நேர்கோட்டில் இருக்கும். குத்தும்போது மணிக்கட்டு மடங்கும். கட்டாரியின் பிடி அலகுக்குக் குறுக்காக, இரு பக்கச் சட்டங்களுக்கு நடுவே அமைந்தது. கையை முட்டியாக்கிப் பிடித்தால் அலகு முன்கையின் நீட்சியாகிவிடும். தோளின் வலிமை முழுவதும் முனைக்குச் செல்லும். பக்கச் சட்டங்கள் மணிக்கட்டையும் முன்கையின் ஒரு பகுதியையும் காக்கும். தஞ்சைக் கட்டாரிகளில் கைம்முட்டியை மூடும் வளைந்த காப்புத் தகடு ஒன்றும் சேர்ந்திருக்கிறது. நெருங்கிய நிலையில் குத்துவதற்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பைக் காண்பது அரிது.

ஆனால் இது அரண்மனைக் கருவி. தஞ்சைப் படைக்கலக் கொட்டிலில் இருந்த கருவிகளில் பெரும்பகுதி, மராத்திய அரசு 1855-இல் முடிவுற்றபின், உடைத்து இரும்பாக விற்கப்பட்டது. எஞ்சியவற்றுள் ஒரு பகுதி சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலும் சில அயல்நாட்டு அருங்காட்சியகங்களிலும் உள்ளன. கட்டாரி அலகுகளில் யானையும் புலியும் வேட்டைக் காட்சிகளும் செதுக்கப்படுவதுண்டு. இரு கைகளிலும் கட்டாரி ஏந்திப் புலியை எதிர்ப்பது ஆண்மையின் உச்சம் என்ற பேச்சும் அரசவை வழக்கில் உண்டு. அரச வேட்டையில் சுற்றிலும் ஆள்கள் நிற்பார்கள், யானை நிற்கும். அங்கே குறுங்கருவி விரும்பித் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆபத்து. பட்டியில் அது வேறு வழியின்மை. ஒரே நீளமுள்ள இரும்பு, அதனை ஏந்துபவனின் நிலைக்கேற்ப இரு வேறு பொருள் தருகிறது. (மராத்திய வழக்கிலுள்ள புலிநகம் இந்த வரிசையில் சேராது. அது புலியைப் போலக் கீறுவதற்காக மனிதன் செய்துகொண்டது; 1659-இல் சிவாஜி அப்சல்கானை எதிர்கொண்ட நிகழ்வால் புகழ்பெற்றது; புலிமேல் ஏவப்பட்டதன்று.)

வலையும் ஈட்டியும்

புலியை உண்மையிலேயே திட்டமிட்டுக் கொன்றவர்களின் முறை அரசவைக் கதைகளினின்றும் வேறானது. எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுதிகளில் வயநாட்டுச் செட்டிகளின் புலிவேட்டையைக் காணலாம். புலி இருக்கும் புதரை வலையால் சூழ்ந்து, வெளியேற முயலும் விலங்கை வலைக்கு வெளியே நின்று ஈட்டியால் குத்துவது அம்முறை. இங்கே முதன்மைக் கருவி ஈட்டியன்று, வலையே. வலை விலங்கின் பாய்ச்சலைப் பறிக்கிறது. ஈட்டி தன் நீளத்தை இழக்காமல் வேலை செய்கிறது. தனி வீரன் இல்லை. ஊரே கூடிச் செய்யும் தொழில் அது. நாயகன் இல்லாத இம்முறை தொன்மமாகாமல் போனதில் வியப்பில்லை.

மருது சகோதரர்களை நேரில் அறிந்த கர்னல் வெல்ஷ் 1830-இல் வெளியான தம் நினைவுநூலில், பெரிய மருது வேட்டையில் பெருவிருப்புடையவர், காட்டு விலங்குகளை எதிர்கொள்வதையே இன்பமாகக் கொண்டவர், ஆற்காட்டு ரூபாயை விரலால் வளைப்பார் என்று பேசப்பட்டவர் எனக் குறிப்பிடுகிறார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்பித்தவர் சின்ன மருது என்றும் எழுதுகிறார். பகைவர் பக்கத்துப் படையதிகாரி எழுதிய இக்குறிப்பில் வலிமையும் கருவித்திறனும் அளவோடு நிற்கின்றன. வாய்மொழிக் கதையிலோ கருவி மறைந்து, வெறுங்கையால் புலியைக் கொன்ற பெரிய மருது தோன்றுகிறார். கதை வளர வளரக் கருவி குறுகும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

குடகில் முன்பு புலியைக் கொன்றவனை மணமகனாக அமர்த்திப் புலியோடு திருமணம் போன்ற சடங்கு நடத்தும் வழக்கம் இருந்தது. அதற்கு நரிமங்கலம் என்று பெயர். குடகு மொழியில் 'நரி' என்பது புலி. கொன்றபின் விலங்கோடு உறவு கொண்டாடும் இச்சடங்கு, வீரனும் புலியும் ஒரே கல்லில் இணைந்து வழிபடப்படும் நம் நடுகல் மரபுக்குத் தொலைவில் இல்லை.

திரையில் கைநழுவும் கத்தி

தென்னிந்தியத் திரைப்படம் பெரும்பூனைச் சண்டையை எடுத்துக்கொண்டபோது அதன் முன்னே இரு மரபுகள் இருந்தன. இறந்தவனின் கல் ஒன்று. பிழைத்தவனின் தொன்மம் மற்றொன்று. திரை இரண்டாவதையே தேர்ந்தது. எம்.ஜி.ஆர். நடித்த குலேபகாவலி (1955) புலிச்சண்டைக்கும், அடிமைப்பெண் (1969) சிங்கச்சண்டைக்கும் பெயர்பெற்றவை. அடிமைப்பெண்ணில் நடித்த சிங்கத்தின் பதப்படுத்தப்பட்ட உடல் சென்னை தியாகராய நகரிலுள்ள எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் இன்றும் காட்சிக்கு உள்ளது. அரசகுலத் தொன்மத்தின் வழியிலேயே, விலங்கை வென்றவன் மக்களின் தலைவனாகத் தகுதி பெறுகிறான் என்பதை இக்காட்சிகள் சொல்லாமல் சொல்லின.

இவ்வகைச் சண்டைகளில் நாயகனின் கருவி தொடக்கத்திலேயே கைநழுவுவதும் வெறுங்கையோடு அவன் விலங்கோடு புரள்வதும் வழக்கமான அமைப்பு. இதனை வீரமிகையென்று மட்டும் கொள்வது போதாது. படப்பிடிப்பின் தேவையும் இதிலுண்டு. பழகிய விலங்கின் முன் உலோக அலகை வீசுவது விலங்குக்கும் நடிகருக்கும் தீங்கு. கத்தி இறங்கினால் சண்டை முடிந்துவிடும். காட்சியோ சில நிமிடங்கள் நீள வேண்டும். பயிற்சியாளர், மாற்று நடிகர், தோல் போர்த்த பொம்மை ஆகியவற்றைத் தனித்தனியே படம்பிடித்து இணைக்கும்போது, கட்டிப் புரளுதலே வெட்டுவாய்களை மறைக்க ஏற்றது. நடுகல்லில் இடைவெளியற்ற நெருக்கம் சாவின் அறிகுறி. திரையில் அதே நெருக்கம் தொகுப்பாளரின் வசதி.

புலி, சிங்கம், சிறுத்தை முதலியவற்றைப் பயிற்றிக் காட்சிப்படுத்துவதை நடுவணரசு 1998 அறிவிக்கையால் தடைசெய்தது. உச்ச நீதிமன்றம் 2001-இல் அதனை உறுதிப்படுத்தியது. அதன்பின் இந்தியத் திரையில் பெரும்பூனை பெரிதும் கணினி வரைகலையின் ஆக்கமாயிற்று. விலங்கின் உடல் மெய்யன்று என்றானதும் கருவி மீண்டும் நாயகனின் கைக்கு வந்தது. மலையாளத்தில் வைசாக் இயக்கத்தில் மோகன்லால் நடித்த புலிமுருகன் (2016) இதற்குச் சான்று. தந்தையைப் புலிக்குப் பறிகொடுத்த சிறுவன் ஊரைக் காக்கும் புலிவேட்டைக்காரனாவது அதன் கதை. பட்டிக் காவலனின் கல்லுக்கு இது அரசகுலத் தொன்மத்தைவிட நெருக்கமானது. முடிவு மட்டும் வேறு. இப்படத்தின் சண்டை அமைப்புக்காகப் பீட்டர் ஹெயின் தேசிய விருது பெற்றார். அப்பிரிவில் வழங்கப்பட்ட முதல் விருது அது.

ராஜமௌலியின் ஆர்.ஆர்.ஆர். (2022) இன்னொரு திசையில் செல்கிறது. பீம் என்னும் கோண்டு வீரன் புலியைக் கயிற்று வலையில் சிக்கவைக்கிறான். வலை பிடி தளரும்போது முகத்துக்கு நேரே நிற்கிறான். பச்சிலை மருந்தால் அதனை மயக்குகிறான். பின் அதனிடம் மன்னிப்புக் கேட்கிறான். அலகுடைய கருவி இச்சண்டையில் இல்லை. வயநாட்டாரின் வலை ஒருவன் கைக்கு வந்திருக்கிறது. குடகின் உறவுச் சடங்கு மன்னிப்பாக மாறியிருக்கிறது. திரைப்படக் குழுவினர் இவற்றை அறிந்தே செய்தனர் என்று கூறுவதற்கில்லை. கொல்லுதல் சட்டப்படி குற்றமாகிவிட்ட காலத்தில், புலியை எதிர்கொள்ளும் நாயகனுக்குப் பழைய கருவிகளுள் எஞ்சியது வலை ஒன்றே.

பதிவு முறையில் ஒரு வேண்டுகோள்

தருமபுரி, கிருட்டிணகிரி அருங்காட்சியகங்களில் உள்ள நடுகற்களை நெருங்கி நின்று அளக்க முடியும். ஊர்ப்புறக் கற்களின் நிலை அவ்வாறன்று. பல கற்கள் வேடியப்பன் முதலிய பெயர்களில் வழிபாட்டில் உள்ளன. எண்ணெயும் மஞ்சளும் தொடர்ந்து பூசப்படுவதால் முகமும் எழுத்தும் மழுங்குகின்றன. அண்மைக்காலத்தில் எனாமல் பூச்சும் சேர்ந்துவிட்டது. வண்ணம் தீட்டுபவர் குறுவாளை நீண்ட வாளாக்கிவிடுவதும், புள்ளியோ வரியோ இல்லாத விலங்குக்கு மஞ்சளும் கருங்கோடும் இட்டு வேங்கையாக்கிவிடுவதும் எளிதில் நிகழக் கூடியவை. அவ்வாறு தீட்டப்பட்ட கல்லை அடுத்து வரும் ஆய்வாளர் அப்படியே பதிவு செய்தால், 70 கிலோ விலங்கோடு கைக்கத்தியால் பொருது காய்ச்சலில் மாண்ட ஒருவன் வேங்கையை வாளால் வீழ்த்தியவனாகிவிடுவான்.

ஆகவே கள ஆய்வில் கருவியின் நீளத்தை அதே உருவத்தின் முன்கை நீளத்தோடு ஒப்பிட்டுக் குறிப்பது நலம். சிற்பி உருவத்தைப் பெருக்கினாலும் சுருக்கினாலும் கைக்கும் கருவிக்கும் உள்ள விகிதத்தைப் பெரும்பாலும் காக்கிறான். அதனோடு பிடியின் வடிவம், முனை இறங்கும் உறுப்பு, மறு கையின் நிலை, இடையில் இரண்டாம் கருவி உண்டா இல்லையா என்பவற்றையும், விலங்கின் உடலில் உளிக்குறி வரியாகவோ புள்ளியாகவோ உள்ளதா என்பதையும் வண்ணப்பூச்சுக்கு அடியில் விரலால் தடவியேனும் அறிந்து எழுத வேண்டும். பூசை நடைபெறும் கல்லாயின் முதலில் பூசாரியின் இசைவைப் பெற வேண்டும். எண்ணெய்க் காப்பு நீக்கிக் கழுவும் நாளில் சென்றால் அவரே நீரூற்றிக் காட்டுவார்.